கருவாட்டுக் குழம்பின் மேல் விழுந்த பழி

பெரியகருப்பன் தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்கப் போன ஆறு பெண்களும் அடுத்தடுத்து வாந்தியெடுத்துச் சுருண்டதற்குக் காரணம் சிவனம்மாள் கொண்டுபோன கருவாட்டுக் குழம்புதான் என்று மத்தியானத்துக்குள் ஊர் முடிவு கட்டிவிட்டது. அந்த ஆறு பேரில் சிவனம்மாளும் ஒருத்தி என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வடமதுரைக்குக் கிழக்கே இருக்கிற அந்தச் சின்ன ஊரில் காய் பறிப்பு என்றால் சிவனம்மாளுக்குத்தான் போன் வரும். அவள் மற்ற ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு விடியும்போதே காட்டில் போய் நிற்பாள். சோறு அவரவர் தூக்குச்சட்டியில் வரும். சோற்றுக்கு ஊற்றிக்கொள்ள வெஞ்சனம் மட்டும் எல்லோருக்கும் சேர்த்துச் சிவனம்மாள் வீட்டிலிருந்து போகும். யாரும் கேட்டு வந்த வழக்கமில்லை. அவள் கை ருசி அப்படி.

அவள் புருஷன் மொக்கைச்சாமிக்குத் தோட்டம் தோட்டமாகப் போய் மருந்தடிக்கிற வேலை. முந்தின நாள் சாயந்தரம் பெரியகருப்பன் கத்தரிக்கு அடித்தவனும் அவன்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டபோது, வழக்கமான வாடையாக அது இல்லை என்று சிவனம்மாளுக்குப் பட்டது. மூக்கில் ஏறி மண்டையைப் பிடித்தது.

"என்னய்யா, இன்னைக்கி நாத்தம் ஒரு மாதிரியா இருக்கு?"

"காய்ப்புழு அடங்க மாட்டேங்குது. கடைக்காரரு புதுசா ஒண்ணு சேத்துக் குடுத்தாராம். மூணையும் கலந்து அடிச்சேன்."

பேச்சு அதோடு முடிந்தது. அவன் அடிப்பதும் அடுத்த நாள் அவள் பறிப்பதும் பல வருஷமாக நடக்கிற காரியம். அன்றைக்கு மட்டும் பயப்பட என்ன இருந்தது?

மறுநாள் காலை ஆறு மணிக்குச் செடிகளில் பனியும் மருந்தும் கலந்து சொட்டிக்கொண்டிருந்தன. முகூர்த்த நாட்கள் வரிசையாக வந்ததால் மார்க்கெட்டில் கத்தரிக்கு நல்ல விலை. எட்டு மணி வண்டிக்குக் காய் போயாக வேண்டும் என்று பெரியகருப்பன் வரப்பில் நின்று விரட்டினார். இடுப்பளவு செடிக்குள் இறங்கிய கொஞ்ச நேரத்தில் எல்லோர் சேலையும் நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. பறிக்கிற காயைச் சாக்கில் கட்டி, தலையில் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் போடுகிற வேலை இன்னாசியம்மாளுடையது. ஆறு பேரில் உடல்பலம் உள்ளவள் அவள்தான். ஈரச் சாக்கிலிருந்து வடிந்த தண்ணீர் அவள் பிடரி வழியாக முதுகு முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது.

வண்டி போன பிறகு இன்னாசியம்மாள் வேலி ஓரமாக உட்கார்ந்து கண்ணைக் கசக்கினாள்.

"மதினி, கண்ணு மங்கலாத் தெரியுது. எச்சியா ஊறுது."

"நோன்பு இருக்கேல்ல, அதான். செத்த நேரம் நெழல்ல உக்காரு" என்றாள் சிவனம்மாள்.

அன்று சாம்பல் புதன். சாயந்தரம் கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் பூசி வரும்வரை பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாது என்று இன்னாசியம்மாள் காலையிலேயே சொல்லியிருந்தாள். மற்ற ஐந்து பேரும் தூக்குச்சட்டியைத் திறந்து குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். அரை மணி நேரம் ஆகவில்லை. முதலில் ஒருத்திக்கு வாந்தி. பிறகு இன்னொருத்திக்கு வயிற்றைக் கலக்கியது. சிவனம்மாளுக்கு வேர்த்து ஊற்றியது. கெண்டைக்கால் சதை தன்பாட்டுக்குத் துடித்தது. வேலியோரம் திரும்பிப் பார்த்தால், இன்னாசியம்மாள் வாயில் நுரை வழியச் சாய்ந்து கிடந்தாள்.

பெரியகருப்பன் பதறித்தான் போனார். அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆறு பேரையும் ஒரு வேனில் ஏற்றி, ரோட்டோரத்தில் தனக்குத் தெரிந்த தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த இளவயசு டாக்டர் எல்லோருக்கும் குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிவிட்டு, "என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"கருவாட்டுக் கொழம்பு சார்" என்று சொன்னது பெரியகருப்பன்.

சிவனம்மாள் தலையைத் தூக்கினாள். "டாக்டரு தம்பி, நேத்து அந்தச் செடிக்கு மருந்து அடிச்சிருந்துச்சு. அந்த ஈரத்துலதான் காலையில இருந்து நின்னோம்."

"யாராவது மருந்தைக் குடிச்சீங்களா?"

"ஐயையோ, இல்ல."

"குடிக்காம எப்படிம்மா ஆகும்? எல்லாரும் ஒண்ணாச் சாப்பிட்டிருக்கீங்க, ஒண்ணா வாந்தி எடுக்கிறீங்க."

"எல்லாரும் சாப்பிடலையே! இந்தா கெடக்காளே இன்னாசி, இவ நோன்பு. ஒரு வாய் சோறு உள்ள போகல. இவளுக்குத்தான் எல்லாரையும் விட மோசமா இருக்கு."

டாக்டர் பெரியகருப்பனைப் பார்த்தார். பெரியகருப்பன் சிரித்த முகமாக, "காலையில வீட்ல ஏதாவது வாயில போட்டிருப்பா சார். பொம்பளைங்க நோன்பு எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு இருவரும் வெளியே போய்ப் பேசினார்கள். விஷம் என்று எழுதினால் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், விசாரணை வரும் என்பதெல்லாம் சிவனம்மாளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது அவளுக்குத் தெரிந்ததெல்லாம், திரும்பி வந்த டாக்டர் கெட்டுப்போன உணவு என்று சீட்டில் எழுதினார் என்பது மட்டுமே. காலையில் பறித்த காய் அதற்குள் திண்டுக்கல் மார்க்கெட்டில் ஏலம் போயிருக்கும்.

சாயந்தரம் ஐந்து பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்னாசியம்மாளை மட்டும் இருக்கச் சொன்னார்கள். சிவனம்மாள் ஊருக்குள் காலை வைத்ததும் கூட வேலை பார்த்தவளுடைய மாமியார் தெருவில் நின்று பிடித்துக்கொண்டாள்.

"கெட்டுப்போன கருவாட்டைக் குடுத்துக் கொல்லப் பாத்தியேடி! எம் மருமகளுக்கு ஒண்ணு ஆகியிருந்தா யாருடி பதில் சொல்லுவா?"

சிவனம்மாள் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய், அடுப்படியில் மீதம் இருந்த குழம்புச் சட்டியையும் சோற்றுப் பானையையும் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் உட்கார்ந்தாள். கூடிநின்ற அத்தனை பேர் பார்க்க, இரண்டு துண்டு கருவாட்டோடு குழம்பை ஊற்றிப் பிசைந்து தின்றாள். அன்றைக்கு அவள் வயிறு இருந்த நிலைமையில் ஒவ்வொரு உருண்டையும் தொண்டையில் நின்று நின்று இறங்கியது. சட்டியை வழித்துக் கவிழ்த்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றாள்.

அரை மணி நேரம் காத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவ சமைச்சது அவளை என்ன செய்யும்?" என்றாள் ஒருத்தி. "சுண்டவச்சா விஷம் முறிஞ்சிரும்" என்றாள் இன்னொருத்தி. கூட்டம் கலைந்தது. சிவனம்மாள் எச்சில் கையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அதே குழம்பைக் காலையில் தின்றுவிட்டு வேறொரு தோட்டத்துக்கு மருந்தடிக்கப் போய்வந்த மொக்கைச்சாமி, இதையெல்லாம் பார்த்தபடி வாசலில் நின்றான். நானும் அதைத்தான் தின்றேன் என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை.

உள்ளே போனதும் கேட்டாள். "ஏய்யா, வாயில என்ன கொழுக்கட்டையா? நீயும் தின்னேன்னு சொன்னா என்ன?"

அவன் மோட்டுவளையைப் பார்த்தான். "பெரியகருப்பண்ணே போன் பண்ணுச்சு. பேச்சை வளக்காதேங்குறாரு. கேசுன்னு வந்தா மொதல்ல பிடிக்கிறது மருந்து அடிச்சவனைத்தானாம்."

"அடிக்கச் சொன்னவரை?"

"அவரு காட்டுக்காரரு."



இன்னாசியம்மாள் மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிச் செலவைப் பெரியகருப்பனே பார்த்துக்கொண்டார் என்று ஊரில் அவருக்கு நல்ல பெயர். அடுத்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு காதுகுத்து. எப்போதும் குழம்பு கூட்டிவைக்கச் சிவனம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும், வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, "நீங்க போய் உக்காருங்கக்கா, ஒடம்புக்கு முடியாம இருந்தீங்கல்ல" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். சாப்பிடாமலே எழுந்து வந்துவிட்டாள்.

மூன்றாவது வாரம் இன்னாசியம்மாள் காலில் செருப்பு நிற்க மாட்டேன் என்றது. நடந்துகொண்டே இருப்பாள், செருப்பு பின்னாலே கிடக்கும். அது கழன்று போனதே அவளுக்குத் தெரியாது. பாதம் மரத்து, முன்பக்கம் தொங்கிப்போய், தரையில் தேய்ந்தது. இரண்டே நாளில் சுவரைப் பிடிக்காமல் எழுந்து நிற்க முடியவில்லை. அவள் புருஷன் திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்தான். மாசத்துக்கு ஒரு தடவை வருவான். சிவனம்மாள்தான் ஆட்டோ பிடித்துத் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அங்கே பார்த்த டாக்டர் அறிவுச்செல்விக்கு ஐம்பது வயசு இருக்கும். சின்னச் சுத்தியலால் இன்னாசியம்மாளின் முழங்காலைத் தட்டினார், உள்ளங்காலில் கோடு இழுத்தார். பிறகு நிமிர்ந்து, "இவங்க பூச்சி மருந்துல வேலை பாக்குறவங்களா?" என்று கேட்டார்.

சிவனம்மாளுக்கு அழுகை முட்டியது. மூன்று வாரமாக அவள் ஊர் முழுக்கச் சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளாத விஷயத்தை, முன்பின் தெரியாத ஒருத்தர் தானாகக் கேட்கிறார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"மருந்து வாய் வழியாத்தான் போகணும்னு இல்லம்மா" என்றார் டாக்டர். "தோல் வழியாவே இறங்கும். நனைஞ்ச சேலையோட ரெண்டு மணி நேரம் நின்னா போதும். அன்னைக்கி வாந்தி, எச்சி, கண் மங்கல். அதுல பிழைச்சாலும் சில மருந்துக்கு மூணு வாரம் கழிச்சுக் கால் நரம்பு விழும்."

"அப்ப கொழம்பு இல்லையே டாக்டரம்மா?"

"கெட்டுப்போன குழம்பு தின்னு யாருக்கும் இப்படிக் கால் விழாது." டாக்டர் பழைய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா இதுல உணவுன்னு எழுதியிருக்கு. நான் சந்தேகம்னு எழுதலாம். என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் உறுதியா எழுத முடியும். பேரு தெரியுமா? டப்பா, மூடி, பில்லு, ஏதாவது இருக்கா?"

வெளியே வந்ததும் சிவனம்மாள் இன்னாசியம்மாளை ஆட்டோவில் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, பெரியகருப்பன் மருந்து வாங்குகிற உரக்கடைக்குப் பஸ் ஏறினாள். கடைக்காரர் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபடியே, "எங்க கடையில வாங்குனதா? பில்லு இருக்கா?" என்றார். பில் போடாமல் விற்பது அவர்தான். பில்லைக் கேட்பதும் அவர்தான். பெரியகருப்பன் வீட்டுக்குப் போனாள். அவர் முற்றத்தில் நின்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏத்தா, எனக்கே ஆறு மாசமா ஓயாத தலைவலி. நானும் அந்தக் காட்டுலதான் கெடக்கேன். மருந்தடிக்காம ஒரு காய் தேறுமா? சொத்தைக் காயை மார்க்கெட்டுல எவன் வாங்குறான்? சொல்லு."

"நான் அதைக் கேக்கலண்ணே. பேரு மட்டும் சொல்லுங்க. என்ன மருந்து?"

"ஞாபகமில்ல. டப்பாவை எல்லாம் அன்னைக்கே எரிக்கச் சொல்லிட்டேன்."

எரிக்கச் சொன்னது மொக்கைச்சாமியிடம்தானே? வீட்டுக்கு வந்தபோது அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அப்படியும் விளிம்பு பல்லில் பட்டுக் கடகடவென்று ஆடியது. அந்த நடுக்கம் எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் அதைக் கேட்கவும் தோன்றவில்லை. டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"எந்திரி. எங்கூட வா."

"எங்க?"

"வாய்யா."

இன்னாசியம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவள் குடத்திலிருந்து தண்ணீர் மொள்ள, தரையோடு தரையாக உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தாள். வாசலில் மொக்கைச்சாமியைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சேலையைக் காலுக்கு மேல் இழுத்துவிட்டாள்.

"வாங்கண்ணே. எந்திரிக்க முடியல, தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றாள்.

மொக்கைச்சாமி அவள் காலைப் பார்த்தான். ஐம்பது கிலோ சாக்கைத் தலைக்குத் தூக்கியவளைத்தான் அவனுக்குத் தெரியும். திரும்பி நடந்தான். சிவனம்மாள் அவன் பின்னாலேயே போனாள். அவன் நேராகப் பெரியகருப்பன் கிணற்று மேட்டுக்குப் போய், கருவேலஞ்செடி ஓரத்தில் ஒரு கம்பால் மண்ணைத் தோண்டினான்.

"எரிச்சா அந்தப் பொகை நெஞ்சை அடைக்கும். அதான் பொதைச்சுட்டேன்" என்றான்.

மூன்று டப்பாக்கள் வந்தன. இரண்டில் கடும் விஷம் என்று காட்டுகிற சிவப்பு முக்கோணமும் பேரும் இருந்தன. மூன்றாவது, கடைக்காரர் பெரிய கேனிலிருந்து ஊற்றிக் கொடுத்த வெள்ளைப் பாட்டில். அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்த தடம் மட்டும்தான் இருந்தது.

டப்பாக்களைப் பாலிதீன் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாள் இருவருமாகத் திண்டுக்கல் போனார்கள். டாக்டர் அறிவுச்செல்வி பேர்களைப் படித்துவிட்டு, பூச்சிமருந்து நஞ்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சிவனம்மாள் அந்தத் தாளை வாங்கி, படிக்கத் தெரிந்த அளவுக்கு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு, "இன்னாசிக்கு இனி என்ன வைத்தியம் டாக்டரம்மா?" என்று கேட்டாள்.

"இதை முறிக்க இப்ப மருந்து கிடையாதும்மா. கால் பயிற்சி கொடுக்கணும். ஒரு வருஷம் ஆகலாம். முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா வேற மருந்தாவது ஏத்தியிருப்பாங்க."

"சொன்னேனே!" என்று கத்திவிட்டாள் சிவனம்மாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அன்னைக்கே சொன்னேனே டாக்டரம்மா. யாரு கேட்டா?"

டாக்டர் மொக்கைச்சாமியின் கை நடுங்குவதைக் கவனித்து அவனுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு வந்ததும், ஆறு மாசத்துக்கு மருந்து டேங்கைத் தோளில் மாட்டவே கூடாது என்றார். மொக்கைச்சாமி சரி சரி என்று தலையாட்டினான். நாலு நாள் வீட்டில் இருந்தான். ஐந்தாம் நாள் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேறொருவர் தோட்டத்துக்குப் போய்விட்டான். சிவனம்மாள் போட்ட சண்டை தெருக்கோடி வரை கேட்டது. "எனக்கு வேற என்ன தெரியும்?" என்பதுதான் அவனுடைய ஒரே பதில்.

போலீஸ் ஒரு நாள் வந்தது. மருந்தடித்த மறுநாளே நான் யாரையும் பறிக்கச் சொல்லவில்லை, அவர்களாக வந்து இறங்கிவிட்டார்கள் என்றார் பெரியகருப்பன். கடைக்காரர் அந்த வெள்ளைப் பாட்டில் எங்கள் கடைச் சரக்கே இல்லை என்றார். இரண்டையும் எழுதிக்கொண்டு போனார்கள். விவசாய ஆபீசிலிருந்து ஒருவர் வந்து ஆளுக்கொரு மூக்குத்துணியும் கையுறையும் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டார். கையுறை போட்டால் கத்தரிக் காம்பு பிடிபடவில்லை. நிவாரணத்துக்கு எழுதிப்போட்ட மனுவுக்குப் பதில் வரவில்லை. தாளைக் காட்டியதும் ஊரில் பாதிப் பேர் ஒத்துக்கொண்டார்கள். மீதிப் பேர், மருந்தும் இருக்கும் கருவாடும் இருக்கும் என்றார்கள்.

பெரியகருப்பன் அதன் பிறகு சிவனம்மாளுக்குப் போன் பண்ணவில்லை. ஒரு நாள் விடியற்காலையில் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் அவர் தோட்டத்தில் வந்து இறங்கினார்கள். முந்தின நாள் சாயந்தரம் அங்கே டேங்க் சத்தம் கேட்டதைச் சிவனம்மாள் அறிவாள். ஓடிப்போய் வரப்பில் நின்றாள்.

"ஆத்தா, செத்த நேரம் நில்லுங்க. நேத்துத்தான் மருந்து அடிச்சிருக்கு. வெயில் ஏறிச் செடி காயட்டும். ரெண்டு நாள் போகட்டும்."

பெண்கள் தயங்கினார்கள். அவர்களைக் கூட்டிவந்த ஆள், "நீ வேலை குடுக்கப் போறியா? போம்மா அங்கிட்டு" என்றான். ஒருத்தி சேலை முந்தானையை எடுத்து மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள். சின்ன வயசுக்காரி ஒருத்தி சிவனம்மாளைப் பார்த்து ஏதோ கேட்க வந்து, கேட்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு ஒவ்வொருத்தியாக ஈரச் செடிக்குள் இறங்கினார்கள். சிவனம்மாள் தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தாள். எட்டு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதால்தான் அங்கிருந்து கிளம்பினாள்.

வாரத்துக்கு மூன்று நாள் இன்னாசியம்மாளைப் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஸ்டாப்பில் பஸ் வந்து நின்றதும், சிவனம்மாள் அவள் இடுப்பைச் சுற்றிப் பிடித்துத் தூக்கினாள். வலது பாதம் படியின் விளிம்பில் இடித்து இடித்துக் கீழே வழுக்கியது. இன்னாசியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். உள்ளே இருந்து கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி, "ஏறும்மா, ஏறு, டைம் ஆச்சு" என்று அதட்டினான்.

"ஏறத்தானய்யா பாக்குறா!" சிவனம்மாள் போட்ட சத்தத்தில் டிரைவரே திரும்பிப் பார்த்தார். "ஆப் பண்ணு வண்டியை. இவ கால் படியில ஏறுற வரைக்கும் இந்த பஸ்ஸு நகராது."

டிரைவர் இன்ஜினை அணைத்தார். சிவனம்மாள் குனிந்து, இன்னாசியம்மாளின் பாதத்தை இரண்டு கையாலும் எடுத்துப் படியின் மேல் வைத்தாள்.